முதலில் டிஸ்க்கைப் பாருங்கள், அப்புறம் விண்டோஸ் போடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து “ஃபார்மட் அடித்துப் புது விண்டோஸ் போடலாமா?” என்று கேட்டு வரும் கடிதங்கள் கூடிவிட்டன. இந்த இதழில் டிஸ்க் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்திலேயே தட்டுங்கள்.

திண்டுக்கல் வாசகர்: என் டெஸ்க்டாப்புக்கு ஏழு வயது. 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஏதாவது ஃபைலைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறது. கடையில் “ஓஎஸ் கரப்ட், ஃபார்மட் பண்ணிடலாம்” என்கிறார்கள். செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் ஃபைல் கெட்டாலும் இதே அறிகுறிதான், அந்த ஃபைல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் டிஸ்க் கெட்டாலும் இதே அறிகுறிதான். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஃபார்மட் அடித்தால், புது விண்டோஸ் டிஸ்க்கின் வேறு இடங்களில் போய் உட்காரும். ஒரு மாதம் ஜோராக ஓடும். பிறகு ஏதோ ஒரு அப்டேட் கெட்ட இடத்தில் எழுதப்படும். பழைய கதை திரும்பும். “ஃபார்மட் அடிச்சா கொஞ்ச நாள் நல்லா ஓடுது சார்” என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைக் கிளிக் செய்தால் ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்று ஓர் எண் வரும். 100 சதவீதம் காட்டும்போது படிக்கும் வேகம் வினாடிக்கு 80, 100 எம்பி என்று இருந்தால் டிஸ்க் உண்மையாகவே வேலை செய்கிறது. ஏதோ ஒரு புரோகிராம் அதைப் போட்டு வாட்டுகிறது. வேகம் சில கேபிதான், ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டுகளில் நிற்கிறது என்றால், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். சோர்ஸ் என்ற பத்தியில் ‘டிஸ்க்’ என்று வரும் வரிகளைத் தேடுங்கள். ஐடி 7 என்றால் பேட் பிளாக் (படிக்க முடியாத கெட்ட இடம்) இருக்கிறது என்று டிஸ்க்கே சொல்லிவிட்டது. 153 என்றால் ஒரு வேலை முதல் தடவை முடியாமல் மறுபடி முயலப்பட்டிருக்கிறது. 153 எப்போதோ ஒன்று இருந்தால் கவலை வேண்டாம். ஒரே நாளில் இருபது முப்பது இருந்தால் கவலைப்படுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். மேலே நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். நிறத்தோடு நின்றுவிடாமல் கீழே உள்ள பட்டியலில் ஐந்து வரிகளின் ‘ரா வேல்யூ’வைப் படியுங்கள்.

செக்டர் என்பது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் ஒரு சின்னத் துண்டு இடம். 05 என்பது கெட்டுப்போனதால் உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். சி6, டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது சரிசெய்ய முடியாதவை. சி7, கேபிள் வழியே தரவு சிதைந்த தடவைகள். 09, டிஸ்க் ஓடிய மொத்த மணி நேரம். நல்ல டிஸ்க்கில் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். 09 என்ன காட்டினாலும் பயப்பட வேண்டாம். 30,000 மணி நேரம் ஓடியும் திடமாக இருக்கும் டிஸ்க்குகள் உண்டு, 2,000 மணியில் மண்டையைப் போட்டவையும் உண்டு.

மூன்றும் பூஜ்யம், ஈவன்ட் வியூவரும் சுத்தம் என்றால் கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அப்போதும் உடனே ஃபார்மட்டுக்குப் போகாமல், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்னவ்’ (விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளை) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ராமையும் சோதியுங்கள், கெட்ட ராம், நல்ல டிஸ்க்கிலும் தப்பான தரவை எழுதிவிட்டுப் பழியை டிஸ்க் மேல் போடும். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் கிடைக்கும்.

ஒன்று கூடுதலாக: ஏழு வருடக் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பிராசஸரைப் பாருங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் பட்டியல் பொதுவாகத் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் நிறம் காட்டுகிறது. 05 பூஜ்யம், சி5 மட்டும் 10. மடிக்கணினி ஒருமுறை பற்றரி தீர்ந்து தானாக நின்றுபோனது. இந்த வன்தட்டைத் திருத்தி, புதிதாக விண்டோஸ் நிறுவலாமா?

நீங்கள் 10 என்று படித்தது உண்மையில் 16. அந்த மென்பொருள் ரா வேல்யூவைப் பதினறும எண்ணில்தான் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட கணக்கு) காட்டும். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இப்போதைய தட்டுகள் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட செக்டர்களாகத்தான் உள்ளே எழுதுகின்றன. வெளியே அதை எட்டு 512 பைட் துண்டுகளாகக் காட்டும். ஆகவே உங்கள் 16 என்பது அநேகமாக இரண்டே இரண்டு செக்டர்.

சி5-இல் இருக்கும் செக்டர் கெட்டுவிட்டது என்று இன்னும் முடிவாகவில்லை. டிஸ்க் அதைப் படிக்கப் பார்த்தது. தரவும் அதோடு எழுதப்பட்ட சரிபார்ப்புக் குறியீடும் ஒத்துப்போகவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலே இப்படி ஆகும். அந்த இடத்தில் இருந்த தரவை இழக்க யாராவது சம்மதிக்கும் வரை டிஸ்க் எதுவும் செய்யாது, காத்திருக்கும். அதே இடத்தில் புதிதாக ஏதாவது எழுதச் சொன்னால் அதுவே சம்மதம். எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்க்கும். சரியாக வந்தால் சி5 குறையும், 05 ஏறாது. காந்தப் பூச்சில் கோளாறு இல்லை, எழுத்துதான் அரைகுறையாக நின்றிருந்தது. சரியாக வரவில்லை என்றால் அந்த முகவரியை உதிரி இடத்துக்குத் திருப்பிவிடும்; சி5 குறைந்து 05 ஏறும். நாம் ‘ரிப்பேர்’ என்று சொல்வது இவ்வளவுதான். கெட்ட இடத்தை யாரும் குணப்படுத்துவதில்லை.

ஆகவே செய்ய வேண்டிய வரிசை இப்படி. முதலில் வேண்டிய ஃபைல்களை வெளித் தட்டுக்கு நகலெடுங்கள். வேறு எதையும் அதற்கு முன் செய்யாதீர்கள், செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் விண்டோஸ் கட்டளை) உட்பட. பிறகு விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, மொழி கேட்கும் முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள் (சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டும்). கறுப்புத் திரை வரும். அதில் ‘டிஸ்க்பார்ட்’, அடுத்து ‘லிஸ்ட் டிஸ்க்’. வரிசையாக 0, 1 என்று தட்டுகளும் அவற்றின் அளவும் தெரியும். 1 டிபி தட்டு 931 ஜிபி என்றும், 500 ஜிபி தட்டு 465 ஜிபி என்றும் வரும். அளவைப் பார்த்தே எது எது என்று உறுதி செய்யுங்கள். நகலெடுத்து வைத்த வெளித் தட்டை இதற்குள் கழற்றி மேசையில் வைத்திருக்க வேண்டும்; இந்த இடத்தில்தான் எண்ணை மாற்றிப் போட்டுப் பலர் அழுதிருக்கிறார்கள். ‘செலக்ட் டிஸ்க் 0’ (உங்கள் எண்ணைப் போடுங்கள்), பிறகு ‘கிளீன் ஆல்’.

வெறும் ‘கிளீன்’ தட்டின் தொடக்கத்தில் உள்ள பிரிவுப் பட்டியலை மட்டும் துடைக்கும். ‘கிளீன் ஆல்’ கடைசி செக்டர் வரை பூஜ்யம் எழுதும். வினாடிக்கு 100 எம்பி என்று வைத்தால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சதவீதம் எதுவும் திரையில் வராது, கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்து அணைக்காதீர்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும்.

முடிந்ததும் விண்டோஸ் போட்டு மறுபடி ஸ்மார்ட் பாருங்கள். சி5 பூஜ்யம், 05-உம் பூஜ்யம் என்றால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். 05 ஓர் எண்ணில் வந்து நின்றால் அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து அதே எண்தானா என்று பாருங்கள். அசையாத 8, 16 எல்லாம் பெரிய விஷயமில்லை. வாரத்துக்கு வாரம் ஏறினால், அல்லது சி5 திரும்பத் தலைகாட்டினால், அந்தத் தட்டில் விண்டோஸ் வேண்டாம்.

ஈரோடு வாசகர்: செக்டிஸ்க் ஓட்டினேன். 27 சதவீதத்தில் இரண்டு மணி நேரமாக நிற்கிறது. அணைத்துவிடலாமா?

எந்தக் கட்டளையைக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘செக்டிஸ்க் சி: /எஃப்’ (சி, எச், கே, டி, எஸ், கே என்று ஆறு எழுத்து) ஃபைல் பட்டியலை மட்டும் சரிபார்க்கும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, பெயரும் இடமும் பொருந்துகின்றனவா என்று மூன்று கட்டமாகப் பார்த்துத் திருத்தும். சில நிமிடங்களில் முடிய வேண்டிய வேலை. ‘/ஆர்’ கொடுத்தால் இந்த மூன்றோடு இன்னும் இரண்டு கட்டம்: நான்காவதில் எல்லா ஃபைல்களின் தரவையும், ஐந்தாவதில் காலி இடம் முழுவதையும் படித்துப் பார்க்கும். 1 டிபி தட்டு நல்ல நிலையில் இருந்தாலே பல மணி நேரம் பிடிக்கும்.

ஒரே சதவீதத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண ஹார்ட் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரைச் சந்தித்தால் லேசில் விடாது. தலையைச் சற்று நகர்த்தி, மறுபடி சுற்றவிட்டு, பல வினாடிகள் முயன்றுகொண்டே இருக்கும். அப்படி அடுத்தடுத்து நூறு செக்டர் இருந்தால் கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். கேபினட்டில் டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா, காதை வைத்தால் வேலை செய்யும் ஒலி கேட்கிறதா? அப்படியானால் இரவு முழுக்க விடுங்கள். காலையிலும் அதே இடம், விளக்கு அசையாமல் எரிகிறது என்றால் அணைக்கலாம். நான்காம், ஐந்தாம் கட்டத்தில் பெரும்பாலும் படிப்பு வேலைதான், அணைப்பதால் ஆபத்து குறைவு. முதல் மூன்று கட்டங்களில் ஃபைல் பட்டியலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். அங்கே பாதியில் நிறுத்தினால் இருப்பதும் குழம்பலாம்.

ஒழுங்காக முடிந்தால் அறிக்கை திரையில் ஒரு கணம் வந்து போய்விடும். பிறகு ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன், சோர்ஸ் ‘வின்இனிட்’, ஐடி 1001 என்ற வரியைத் திறந்தால் முழு அறிக்கையும் இருக்கும். அதில் ‘இன் பேட் செக்டர்ஸ்’ என்று முடியும் வரியில் 0 கேபி இருக்க வேண்டும். 64 கேபி என்றால் நாலு நாலு கேபியாகப் பதினாறு துண்டு இடத்தை விண்டோஸ் இனித் தொடாது என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. சி டிரைவுக்குள் ‘ஃபவுண்ட்.000’ என்று ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தால், பெயரிழந்த ஃபைல் துண்டுகளை அதில் கொட்டியிருக்கிறது என்று பொருள்.

விண்டோஸ் கிளம்பாமல் ரிப்பேர் திரையிலிருந்து ஓட்டுபவர்கள் கவனிக்க: அங்கே உங்கள் சி டிரைவ், டி என்றோ ஈ என்றோ பெயர் மாறி இருக்கக்கூடும். ‘டிஸ்க்பார்ட்’டுக்குள் ‘லிஸ்ட் வால்யூம்’ கொடுத்து, அளவைப் பார்த்து எழுத்தை உறுதி செய்துகொண்டு செக்டிஸ்க் கொடுங்கள்.

சிவகாசி வாசகர்: 05, சி5, சி6 எல்லாம் பூஜ்யம். சி7 மட்டும் மூவாயிரத்துச் சொச்சம். டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சாட்டா கேபிளை மாற்றுங்கள். சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வழியில் நடந்த சிதைவு. ஏழு பின் கொண்ட அந்தச் சின்ன கேபிள் தளர்ந்திருக்கலாம், பக்கவாட்டு மூடிக்குள் மடங்கி நசுங்கியிருக்கலாம், பின்களில் தூசி படிந்திருக்கலாம். உலோகக் கிளிப் உள்ள புதுக் கேபிள் போட்டு, மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள். சி7 திரும்பப் பூஜ்யம் ஆகாது, அது ஆயுள் கணக்கு. ஏறாமல் நின்றால் போதும்.

கோவில்பட்டி வாசகர்: கணினி கிளம்பவே இல்லை. கறுப்புத் திரையில் 0எக்ஸ்சி00000இ9 என்று பிழை. கடைக் கணக்கு முழுக்க டி டிரைவில் இருக்கிறது. சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தால் டி தப்பிக்கும் அல்லவா?

தயவுசெய்து செய்யாதீர்கள். சி, டி, ஈ என்பதெல்லாம் ஒரே தட்டில் சுண்ணாம்புக்கோடு போட்டுப் பிரித்த மாதிரி. தட்டு போனால் எல்லாம் சேர்ந்து போகும். நம் ஊரில் “டி-யில போட்டு வச்சிருக்கேன், பத்திரமா இருக்கு” என்ற நம்பிக்கை போல ஆபத்தானது வேறில்லை. உங்கள் பிழை எண், விண்டோஸ் தட்டைப் படிக்கப் போய்ப் படிக்க முடியாமல் திரும்பியது என்று சொல்கிறது. கேபிளாகவும் இருக்கலாம், தட்டாகவும் இருக்கலாம்.

கேபிளை மாற்றிப் பாருங்கள். கிளம்பவில்லை என்றால் ஒலியைக் கேளுங்கள். ‘டக்… டக்… டக்…’ என்று தாள கதியில் தட்டும் சத்தம் வந்தால் மின்சாரத்தைப் பிடுங்கிவிடுங்கள். படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் முட்டி முட்டித் திரும்பும் ஒலி அது. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் பூச்சு சுரண்டப்படக்கூடும். அதற்கு மேல் தூசியற்ற அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி கூடத்தின் வேலை. மூடியைக் கழற்றிப் பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது, மெல்லத் தட்டுவது எதுவும் வேண்டாம். தலைக்கும் தட்டுக்கும் இடையிலான வெளி நானோமீட்டர் கணக்கு; ஒரு தூசுத் துகள் அங்கே பாறாங்கல்.

சத்தம் இல்லை, மெதுவாகவாவது ஓடுகிறது என்றால் வாய்ப்பு இருக்கிறது. இங்கே செக்டிஸ்க் கூடாது. சாகக் கிடக்கும் தட்டில் ‘/ஆர்’ கொடுத்தால் அது முழுத் தட்டையும் துருவும், பட்டியலையும் திருத்தி எழுதும்; மிச்சமிருக்கும் மூச்சு அதிலேயே போய்விடும். முதலில் தட்டை அப்படியே இன்னொரு தட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். அதே அளவோ பெரியதோ ஆன தட்டு ஒன்றும் இரண்டு பென் டிரைவும் தேவை. ஒரு பென் டிரைவில் சிஸ்டம் ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் போட்டுக் கணினியைக் கிளப்புங்கள். அதில் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவி ஏற்கெனவே இருக்கும். உபுண்டுவில் என்றால் ‘ஜிடிடிரெஸ்க்யூ’ என்ற பெயரில் நிறுவிக்கொள்ள வேண்டும், ஓட்டும் கட்டளை அதே ‘டிடிரெஸ்க்யூ’தான்.

‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்தால் தட்டுகளின் பெயரும் அளவும் வரும். கெட்ட தட்டு எஸ்டிஏ, புதுத் தட்டு எஸ்டிபி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பென் டிரைவை மவுன்ட் செய்து (லினக்ஸில் ஒரு ஃபோல்டராகத் திறந்து) அந்த ஃபோல்டருக்குள் போய், ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) இருந்து கொடுக்க வேண்டியது: ‘டிடிரெஸ்க்யூ -எஃப் -டி -என் /டெவ்/எஸ்டிஏ /டெவ்/எஸ்டிபி மேப்’. முதலில் எழுதுவது மூலம், அடுத்தது பிரதி. மாற்றி எழுதினால் காலித் தட்டை உங்கள் கணக்கின் மேல் பூசிவிடுவீர்கள். இரண்டு தடவை படித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்.

இந்தக் கருவியின் சாமர்த்தியம், சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொள்வது. படிக்க மறுக்கும் இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய்விடும். எதை எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை ‘மேப்’ என்ற அந்தச் சின்ன ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். நடுவில் கரண்ட் போனாலும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால்தான் அந்த ஃபைல் பென் டிரைவில் இருக்க வேண்டும். லினக்ஸ் தற்காலிகமாக ராமில் ஓடுவதால் அங்கே வைத்தால் அணைத்ததும் போய்விடும். முதல் சுற்று முடிந்ததும் ‘-என்’ என்பதை எடுத்துவிட்டு ‘-ஆர்3’ போட்டு மறுபடி ஓட்டினால், பாக்கி இடங்களை மூன்று தடவை வரை முயலும்.

பிறகு பழைய தட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, பிரதியில் செக்டிஸ்க் ஓட்டுங்கள். அங்கே என்ன ஆனாலும் பழையது கையில் இருக்கிறது. கணக்கு ஃபைல்கள் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வெளியே எடுத்த பின்தான் விண்டோஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வேலூர் வாசகி: புது லேப்டாப்பில் விண்டோஸ் மறுபடி போடப் போனால் டிஸ்க்கே காட்டவில்லை. பட்டியல் காலி. எஸ்எஸ்டி செத்துவிட்டதா?

பயாஸுக்குள் (விண்டோஸ் கிளம்பும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். அங்கே எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. இன்டெல் பதினொன்றாம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற இடைத்தரகரின் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் இல்லாமல் போவதுண்டு. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, ஃபோல்டராகப் பென் டிரைவில் வையுங்கள். ஒற்றை இஎக்ஸ்இ ஃபைலாக வைத்தால் நிறுவும் திரை அதைப் பார்க்காது. காலிப் பட்டியல் வரும் திரையில் ‘லோடு டிரைவர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தோன்றும்.

பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தோன்றும். ஆனால் பழைய விண்டோஸ் அதன் பிறகு கிளம்பாது, நீலத் திரைதான் வரும். அதிலிருந்து ஃபைல் எடுக்க வேண்டியிருந்தால் தொடாதீர்கள்.

புதுச்சேரி வாசகர்: எஸ்எஸ்டிக்கும் செக்டிஸ்க் /ஆர், கிளீன் ஆல் எல்லாம் செய்ய வேண்டுமா?

‘/எஃப்’ செய்யலாம், மின்வெட்டில் ஃபைல் பட்டியல் குழம்புவது எஸ்எஸ்டியிலும் நடக்கும். ‘/ஆர்’ வீண். விண்டோஸ் ‘ஐந்தாவது அறை’ என்று கேட்பது எந்தச் சிப்பில் எந்த மூலையில் இருக்கிறது என்பது எஸ்எஸ்டியின் கன்ட்ரோலருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். கெட்ட இடத்தை விண்டோஸ் குறித்து வைப்பதில் அங்கே அர்த்தமில்லை. ‘கிளீன் ஆல்’ செய்வது ஒரு முழு எழுத்தை வீணாக்குவது. துடைக்க வேண்டுமானால் தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ இருக்கும் ‘செக்யூர் இரேஸ்’ போதும், பெரும்பாலும் சில நிமிடம்தான்.

என்விஎம்இ எஸ்எஸ்டியில் பார்க்க வேண்டியவை வேறு. ‘பர்சன்டேஜ் யூஸ்டு’ தேய்மானம். ‘அவைலபிள் ஸ்பேர்’ உதிரி இருப்பு. 100-இல் தொடங்கி இறங்கும். ‘மீடியா அண்டு டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ பூஜ்யமாக இருக்க வேண்டும், ஏறினால் நம்பாதீர்கள். ஹார்ட் டிஸ்க் மாதிரி முனகி, திணறி, எச்சரித்துவிட்டுத்தான் எஸ்எஸ்டி சாகும் என்று எதிர்பார்க்க முடியாது. நேற்று வரை இருந்தது இன்று பயாஸிலேயே காணோம் என்பது சகஜம்.

இன்னொரு வித்தியாசம். ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாகக் குவிக் ஃபார்மட் அடித்தால், மேலே எதுவும் எழுதாத வரை மீட்பு மென்பொருளால் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மட் ஆனதுமே ‘டிரிம்’ என்ற கட்டளை போய், இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று சொல்லிவிடும். அதன் பிறகு மீட்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

கும்பகோணம் வாசகர்: விண்டோஸ் நிறுவும்போதே ‘ஃபார்மட்’ பொத்தான் இருக்கிறதே, அதைத் தட்டினால் பேட் செக்டர் போகாதா? ‘எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள்’ என்று ஏதோ சொல்லி நிறுவ மறுக்கவும் செய்கிறது.

அந்தப் பொத்தான் செய்வது குவிக் ஃபார்மட். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துப் புதிதாக ஒட்டுவது மாதிரி. உள்ளே பக்கம் கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்க்காது. விண்டோஸுக்குள் ‘குவிக்’ டிக்கை எடுத்துவிட்டு அடிக்கும் முழு ஃபார்மட், விஸ்டாவிலிருந்து முழு டிரைவிலும் பூஜ்யம் எழுதுகிறது. எக்ஸ்பி காலத்தில் படித்துப் பார்ப்பதோடு சரி. ஆகவே தட்டை வேறு கணினியில் மாட்டி முழு ஃபார்மட் அடிப்பதும், மேலே சொன்ன ‘கிளீன் ஆல்’லும் ஏறக்குறைய ஒரே பலன்.

எம்பிஆர் விஷயம் தட்டின் கோளாறு அல்ல. கணினி யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் கிளம்பியிருக்கிறது, தட்டின் பிரிவுப் பட்டியலோ பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. எல்லாவற்றையும் நகலெடுத்தாயிற்று என்றால், நிறுவும் திரையில் அந்தத் தட்டின் எல்லாப் பிரிவுகளையும் நீக்கி, ஒரே காலி இடமாக்கி, அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். ஜிபிடி என்ற புதிய பட்டியல் முறைக்கு மாற்றித் தேவையான சின்னப் பிரிவுகளை விண்டோஸே போட்டுக்கொள்ளும். ‘எல்லாப் பிரிவுகளையும்’ என்றால் உங்கள் டி, ஈ டிரைவுகளும் சேர்த்துத்தான்.

அழிக்காமல் மாற்றவும் வழி உண்டு. பழைய விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே அட்மினிஸ்ட்ரேட்டராக ‘எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ்’ கொடுத்துப் பாருங்கள். சம்மதித்தால் ‘/வேலிடேட்’ இருந்த இடத்தில் ‘/கன்வெர்ட்’. பிறகு பயாஸில் லெகசியிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும். பேட் செக்டர் உள்ள தட்டில் இதைச் செய்யாதீர்கள்.

கரூர் வாசகர்: பேட் செக்டரை நிரந்தரமாக நீக்கும், ‘லோ லெவல் ஃபார்மட்’ செய்யும் என்று மென்பொருள்கள் விற்கிறார்களே?

உண்மையான லோ லெவல் ஃபார்மட் என்பது தடங்களையே வரைவது. இன்றைய தட்டுகளில் அது தொழிற்சாலையில் ஒரு தடவைதான். அந்தப் பெயரில் விற்பவை பூஜ்யம்தான் எழுதுகின்றன. அதை ‘கிளீன் ஆல்’ காசில்லாமல் செய்கிறது. சீகேட்டின் சீடூல்ஸ் போன்ற தயாரிப்பாளர் கருவிகளும் இலவசம்தான். அவற்றில் ஷார்ட் டெஸ்ட் இரண்டொரு நிமிடம், லாங் டெஸ்ட் சில மணி நேரம். உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் லாங் டெஸ்ட்டில் தோற்ற திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டை மாற்றிக் கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கட்டும்.

நாமக்கல் வாசகி: பயாஸில் ஏதோ மாற்றினேன். இப்போது நீலத் திரையில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கிறது. நான் எதையும் பூட்டவில்லையே?

நீங்கள் பூட்டவில்லை, விண்டோஸ் பூட்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து லேப்டாப்பைத் தொடங்கும்போது பல மாடல்களில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்படும். சாவி 48 இலக்கம். வேறு ஃபோனிலோ கணினியிலோ அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பின் கீழே ரெக்கவரி கீயைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப்போவதுதான் உங்களுடையது. லேப்டாப்பை வாங்கிய அன்று கடையில் யாருடைய மின்னஞ்சலைப் போட்டுத் திறந்தார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் சாவி மகன் கணக்கிலோ மருமகள் கணக்கிலோ இருக்கும். எதிலும் கிடைக்காவிட்டால் அந்தத் தட்டில் உள்ளதை எந்த ரெக்கவரி கூடத்தாலும் படிக்க முடியாது. ஃபார்மட் அடித்துப் புதிதாகத் தொடங்குவது ஒன்றுதான் வழி.